மிளகாய் மில்லும் இரண்டு கட்சிகளும்

சந்திரகலாவின் மில்லில் எண்ணெய் என்ற பொருளே கிடையாது. மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் காய்ந்து வந்து, காய்ந்தபடியே பொடியாகி வெளியே போகிறவை. ஆனாலும் நகராட்சி மன்றத்திலிருந்து வந்த அதிகாரி, புது அரவை இயந்திரத்துக்கு அனுமதி வேண்டுமானால் முதலில் கிரீஸ் டிராப் கட்ட வேண்டும் என்றார். உணவுக்கடைகளில் கழுவுநீரோடு போகும் எண்ணெயைப் பிடித்து வைக்கிற தொட்டி அது. கழுவுவதற்குப் பாத்திரமே இல்லாத இடத்தில் அந்தத் தொட்டி எதைப் பிடிக்கும் என்று சந்திரகலா கேட்டாள். உணவு சம்பந்தப்பட்ட தொழிலென்றால் அது இருந்தாக வேண்டும், விதி அப்படி என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

கட்டினாள். தொட்டி முடிந்ததும் இன்னோர் அலுவலகத்தில் வாசல் அகலம் போதாது என்றார்கள். வாசலை அகலப்படுத்தினாள். மூன்றாவது அலுவலகத்தில் சுவரை ஏன் இடித்தாய், அதற்கு அனுமதி எங்கே என்றார்கள். வேறு வழியும் இருக்கிறது என்று ஒருவர் கண்ணைக் காட்டினார். அந்த வழியில் போக அவளுக்கு மனம் வரவில்லை. சுவருக்கு அனுமதி வரும்வரை திறக்கக் கூடாது என்றதால், இந்த அலைச்சலில் ஒரு தீபாவளிக் காலம் முழுக்க மில் பூட்டிக் கிடந்தது. கிள்ளானில் மேரு சாலையை ஒட்டிய அந்தத் தாமான் குடியிருப்பில் பலகாரத்துக்கும் கறிக்கும் தூள் அரைக்க வருகிறவர்கள், கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு சூப்பர்மார்க்கெட்டில் பாக்கெட் தூள் வாங்கப் போனார்கள்.

மில்லில் வேலை செய்த பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. அவர்களில் மூத்தவள் வீரம்மா. கணவன் இல்லாதவள். மில் தொடங்கிய காலத்திலிருந்து சந்திரகலாவோடு இருப்பவள். மிளகாயைக் காயவைப்பதும் காம்பு கிள்ளுவதும் அவள் வேலை. அந்தத் தீபாவளிக்கு அவள் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவப் போனாள். அவளை அந்த நிலைக்குத் தள்ளியவர்களைச் சந்திரகலாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆகவே பள்ளித் தோழன் பேசில் வந்து பேச்சை எடுத்தபோது அவள் மனம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

பேசில் அதே வட்டாரத்தில் வளர்ந்தவன். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவரின் மகன். சந்திரகலாவோடு ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இப்போது தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில், கணக்காய்வு அலுவலகம் வைத்திருந்தான். ஆளுங்கட்சியில் தொகுதித் தகவல் பிரிவுக்குத் தலைவன். பிரிக்பீல்ட்ஸில் அவன் சித்தப்பா நடத்திய சின்ன அச்சகத்தை, பெயர்ப்பலகையின் எழுத்து அளவு பற்றி அதிகாரிகளோடு தொடங்கிய ஒரு தகராறு மூட வைத்திருந்தது. அதனால் தொழிலை நெரிக்கும் விதிகளைக் குறைக்க வேண்டும் என்று அவன் சொல்லும்போது, கட்சிக்காரன் பேச்சு போல இருக்காது. சொந்தக் காயத்தைப் பேசுகிறவன் போல இருக்கும்.

தன் கட்சி ஒரு திட்டம் கொண்டுவரப் போகிறது என்றான். ஒரே நாள் உரிமம். தொழில் தொடங்குகிறவர் எல்லா விதிகளையும் கடைப்பிடிப்பேன் என்று இணையத்தில் தானே உறுதிமொழி கொடுத்தால் போதும், அன்றைக்கே உரிமம் வந்துவிடும். அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதெல்லாம் பிறகு. எதிர்க்கட்சி இதைக் கடுமையாக எதிர்க்கிறது, முதலாளிகளுக்கு நாட்டைத் திறந்துவிடுகிறார்கள் என்று பிரச்சாரம் செய்கிறது, அதனால் உன்னைப் போல அடிபட்ட ஒருத்தி வந்து மேடையில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் அவள் பேசினாள். மேடைப் பேச்சு தெரியாது. மில்லில் நின்று பேசுவது போலவே பேசினாள். எண்ணெயே இல்லாத இடத்தில் எண்ணெய்த் தொட்டி கட்டிய கதையைச் சொன்னபோது மண்டபமே சிரித்தது. வீரம்மா மங்கு கழுவப் போனதைச் சொன்னபோது அமைதியானது. அந்தப் பேச்சின் வீடியோ கிள்ளானிலிருந்து சுங்கை பூலோ வரை வாட்ஸ்அப்பில் சுற்றியது. பாசார் சந்தையில் முகம் தெரியாதவர்கள்கூட அவளை நிறுத்தி, "கிரீஸ் டிராப் அக்காதானே?" என்று கேட்டார்கள்.

திட்டம் வந்தது. அவள் கணவன் குரு, மில்லின் வேனை ஓட்டுகிறவன், இன்னும் அனுமதி வராத புது இயந்திரத்துக்கு விண்ணப்பிக்க அன்று காலையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்கார வைத்தான். விண்ணப்பம் பாதியிலேயே நின்றுவிட்டது. குடியிருப்புப் பகுதியில் உணவுப்பொருள் அரைக்கும் சிறு தொழில்களுக்குத் திட்டம் பொருந்தாது, பழைய நடைமுறையையே பின்பற்றவும் என்று திரையில் வந்தது. அவள் பேசிலைக் கூப்பிட்டாள்.

"முதல் கட்டம் பெரிய முதலீட்டுக்கு, கலா. ரெண்டாவது கட்டத்துல உங்க மாதிரி ஆளுங்க வருவாங்க. கொஞ்சம் பொறு லா" என்றான் பேசில்.

அவள் பொறுத்தாள். அவன் மேல் நம்பிக்கை இருந்தது.

அதே சமயத்தில், மில்லின் பின்பக்கத்துப் பெரிய சாக்கடைக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த கிடங்கில் லோரிகள் வந்து நிற்கத் தொடங்கின. பழைய பிளாஸ்டிக், வயர்கள், உடைந்த மின்சாதனங்கள் என்று மூட்டை மூட்டையாக இறங்கின. கழுவி, உருக்கி, மணிகளாக்கி விற்கும் தொழிற்சாலை என்றார்கள். பெயர்ப்பலகையில் பசுமை என்ற வார்த்தை இருந்தது. ஒரே நாள் உரிமத்தில் தொடங்கிய முதல் தொழிற்சாலைகளில் அதுவும் ஒன்று என்று ஆளுங்கட்சிக்காரர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். பேசிலும் படத்தில் நின்றான்.

முதலில் நாற்றம் வந்தது. பிறகு நாற்றத்தோடு புகையும் வந்தது. துணி காயப்போட முடியவில்லை. பின்வரிசை வீட்டு ரோகானாவின் பேரப்பிள்ளைகள் இருமி இருமித் தூங்காமல் கிடந்தார்கள். சந்திரகலாவும் ரோகானாவும் சேர்ந்து மன்றத்துக்குப் போனார்கள். கிரீஸ் டிராப் கேட்ட அதே அதிகாரி அங்கே இருந்தார். பாவம், இந்த முறை அவரே சங்கடப்பட்டார். அந்தத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்கத் தங்களுக்கு இப்போது அதிகாரம் இல்லை, உரிமையாளரின் உறுதிமொழி இருக்கிறது, முதல் சோதனைக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது என்றார்.

அடுத்ததாகக் கிடங்கின் சொந்தக்காரரிடம் போனார்கள். அவர் பெயர் சிவநேசன். லோரி கம்பெனி வைத்திருப்பவர், எதிர்க்கட்சியின் தொகுதிப் பொருளாளர். வட்டாரத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. அவர் மரியாதையாக உட்கார வைத்து மைலோ கொடுத்தார். தான் கிடங்கை வாடகைக்கு விட்டிருப்பதோடு சரி, உள்ளே நடப்பதற்கெல்லாம் இந்த அரசாங்கம்தான் பதில் சொல்ல வேண்டும், அடுத்த தேர்தலில் நன்றாக யோசித்து ஓட்டுப் போடுங்கள் என்றார். வெளியே வந்ததும் ரோகானா மலாய் மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

வீரம்மாவுக்கு நேர்ந்தது ஒரு மத்தியானத்தில். மழை வராத நல்ல வெயில். மில்லின் பின்பக்கத்தில் தார்ப்பாய் விரித்து அவள் மிளகாயைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைக்குள் கழுவுவதற்கு வைத்திருந்த இரண்டு ரசாயனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று பிறகு தெரியவந்தது. அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. மஞ்சளும் பச்சையுமாக ஒரு படலம் தரையோடு தரையாகச் சாக்கடையைத் தாண்டி வந்தது. தொழிற்சாலைக்குள் வேலை செய்த வங்காளதேசத்துப் பையன்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சாலைப் பக்கம் ஓடினார்கள். இரண்டு பேர் வாசலிலேயே விழுந்தார்கள்.

அரவைச் சத்தத்தில் சந்திரகலாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தொண்டை எரிந்தது. மிளகாய் நெடி அவளுக்குப் பழகிப்போனது, இது வேறு. இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தவள், தார்ப்பாயின் மேல் மிளகாய்க்கு நடுவில் வீரம்மா முழங்காலில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். வீரம்மாவின் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

குருவும் சந்திரகலாவும் அவளைத் தூக்கி வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தூள் மூட்டைகளுக்கு நடுவில் அவளைச் சாய்த்துப் பிடித்திருந்த சந்திரகலா, அக்கா மூச்சு விடுங்க, அக்கா மூச்சு விடுங்க என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். மூச்சு விடுவதைக்கூடக் கெஞ்சிக் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்ற நினைப்பு அவளுக்கு அப்புறம் பல நாள் வந்துகொண்டிருந்தது.

வீரம்மா பிழைத்தாள். மூச்சுக்குழாயும் நுரையீரலும் உள்ளே வெந்துபோயிருப்பதாக டாக்டர் சொன்னார். எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

மறுநாளே ஆஸ்பத்திரி வராந்தாவில் யுகேந்திரன் வந்து நின்றான். எதிர்க்கட்சியின் இளம் வழக்கறிஞன். அடுத்த தேர்தலில் அவன்தான் வேட்பாளர் என்று பேச்சு. கூடவே படம் எடுக்க இருவர். அக்கா, இது விபத்து இல்லை, இது கொள்கையின் விளைவு என்றான். நியாயமான வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் கண் கேமரா இருக்கும் இடத்தைத் தேடியது. வார்டுக்குள் போக வேண்டும், வீரம்மாவின் கையைப் பிடித்தபடி ஒரு படம் வேண்டும் என்றான். முகத்தில் குழாயோடு கிடக்கிறவளைப் படமெடுக்க விடமாட்டேன் என்று சந்திரகலா கதவை மறித்து நின்றாள்.

அன்று சாயங்காலம் பேசில் கூப்பிட்டான். வீரம்மாவைப் பற்றி விசாரித்தான். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தான். தொழிற்சாலை நடத்தியவனின் கவனக்குறைவு வேறு, திட்டம் வேறு என்றான். எதிர்க்கட்சிக்காரர்களிடம் எதுவும் பேசிவிட வேண்டாம், உன் பழைய வீடியோவை வைத்தே உன்னைக் கேலி செய்வார்கள் என்றான். சந்திரகலா போனை வைத்தாள். அவன் தொழிற்சாலையை மூடுவது பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

தொழிற்சாலை மூடப்படவும் இல்லை. கொஞ்ச நாள் கதவைச் சாத்தி வைத்துவிட்டு மறுபடியும் திறந்தார்கள். உரிமையாளர் புதிதாக ஓர் உறுதிமொழி கொடுத்திருக்கிறார், சரிசெய்துவிட்டதாக அவரே அறிவித்திருக்கிறார் என்று பதில் வந்தது.

இரண்டு கட்சிகளும் பத்திரிகைகளில் சண்டை போட்டுக்கொண்டன. கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வணிகர் சங்கம், தொழில் வளர விதிகள் குறைய வேண்டுமா என்ற தலைப்பில் விவாத அரங்கு வைத்தது. ஆளுங்கட்சிக்குப் பேசில், எதிர்க்கட்சிக்கு யுகேந்திரன். நடுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பரமேஸ்வரன். இரண்டு பேருமே தனித்தனியாகச் சந்திரகலாவை அழைத்தார்கள். ஒருவனுக்குக் கிரீஸ் டிராப் வேண்டும், இன்னொருவனுக்கு வீரம்மா வேண்டும். குரு போக வேண்டாம் என்றான். ரெண்டு பேருக்கும் நீ ஒரு சாமான், அவ்வளவுதான் என்றான். அதனால்தான் போகிறேன் என்று சொல்லி அவள் கிளம்பினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பட்டிமன்றத்துக்கு வந்தவர்கள் போல ஜனங்கள் கச்சான் கடலையைக் கொறித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சிவநேசன், வெள்ளைச் சட்டையில்.

பேசில் தன் சித்தப்பாவின் அச்சகத்தைச் சொன்னான், கிரீஸ் டிராப்பைச் சொன்னான், வேலையில்லாத இளைஞர்களைச் சொன்னான். கைதட்டல். யுகேந்திரன் எழுந்து, சந்திரகலாவின் பழைய வீடியோவைத் திரையில் போட்டான். மண்டபம் சிரித்து முடிந்ததும், அன்று விதிகளை எடுக்கச் சொன்ன இதே அக்காவின் மில்லில் வேலை பார்த்த ஓர் ஏழைத் தாய்தான் இன்று மூச்சுவிட முடியாமல் கிடக்கிறாள், ஆளுங்கட்சியின் வலையில் விழுந்த அப்பாவிகளின் கதி இதுதான் என்றான். அதற்கும் கைதட்டல். நடுவர் இடையில் புகுந்து, பேசிலின் வாதம் மிளகாயாகக் காரமாக இருக்கிறது, யுகேந்திரன் வாதம் புகையாகக் கண்ணைக் கரிக்கிறது என்றார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் சந்திரகலாவை எழுப்பியது. கேள்வி நேரத்துக்கு என்று வைத்திருந்த மைக்கிடம் போய், யாரும் அழைப்பதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டாள்.

"என்னைப் பத்தி ரெண்டு பேரும் பேசிட்டீங்க. இப்ப நான் பேசுறேன்" என்றாள். "கிரீஸ் டிராப் கட்டச் சொன்னவங்கள அன்னிக்குத் திட்டுனேன். இன்னிக்கும் திட்டுவேன். அதுல என்ன தப்பு? என் மில்லுக்குத் தேவையில்லாதத எடுங்கன்னுதான் கேட்டேன். பக்கத்து வீட்டு ஆளு மூச்சக் காப்பாத்துறத எடுங்கன்னு நான் கேக்கல. நீங்க அதத்தான் எடுத்தீங்க, பேசில். எனக்கு இருந்த விதி ஒண்ணுகூடப் போகல. இன்னிக்கும் எனக்கு ஒரு ஜன்னல் மாத்தணும்னா மூணு ஆபீஸ் ஏறணும். விஷத்தக் கொண்டாந்து வைக்கிறவனுக்கு மட்டும் ஒரே நாள்ல லைசன். சின்ன ஆளுங்க பேரச் சொல்லி என்னைய மேடையேத்தி, பெரிய ஆளுக்குக் கதவத் தொறந்து விட்டிருக்கீங்க."

பேசில் தலையைக் குனிந்துகொண்டான். எதிர்க்கட்சிக்காரர்கள் பக்கமிருந்து பலமான கைதட்டல் எழுந்தது. சந்திரகலா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"கை தட்டாதீங்க. தம்பி, நீங்க நல்லாப் பேசுறீங்க. சட்டம் வேணும், சோதனை வேணும்னு சொல்றீங்க. அந்த கிடங்கு யாரோடது? முன்னால உக்காந்திருக்காரே, உங்க பொருளாளர், அவரோடது. வாடகை ஒப்பந்தத்த நாளைக்கே அவரு முறிக்கலாம். அவர ஒரு வார்த்த கேட்டீங்களா? வீரம்மாக்காவ படம் எடுக்க வந்தீங்க. அவரு வீட்டுக்குப் போனீங்களா?"

மண்டபத்தில் சலசலப்பு. சிவநேசன் எழுந்து நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். நேரமாகிவிட்டது அம்மா என்றார் நடுவர்.

"ஒரே கேள்விதான், ஐயா. நாளைக்குக் காலைல அந்த கேட்டுக்குள்ள போயி யாரு பாக்கப் போறீங்க? ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. நான் உக்காந்துடுறேன்."

யுகேந்திரன் மாநில அதிகாரம், மத்திய அதிகாரம் என்று ஏதோ ஆரம்பித்தான். பேசில் தன் தாள்களை எடுத்து மடித்தான். அதற்குள் மைக் செத்துப்போனது. சந்திரகலா அதைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். அவள் வாசலைத் தாண்டும்போது, இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, விதிகள் அளவோடு குறையவும் வேண்டும் அளவோடு இருக்கவும் வேண்டும் என்று நடுவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது பின்னால் கேட்டது.

அந்த வாரமே அதிகாரிகள் வந்தார்கள். தொழிற்சாலைக்கு வரவில்லை, மில்லுக்கு வந்தார்கள். அரவைச் சத்தம் குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருப்பதாகப் புகார் வந்திருக்கிறது என்றார்கள். ஒரு கருவியை வைத்துச் சத்தத்தை அளந்தார்கள். சாக்கடைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலையின் உருக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எந்தச் சத்தத்தை அளக்கிறீர்கள் என்று சந்திரகலா கேட்டாள். அவர்கள் மில்லை மூடச் சொல்லும் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். புகார் கொடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எந்தக் கட்சியின் ஆள் என்று ஊகிக்கக்கூட அவளால் முடியவில்லை; இரண்டுக்கும் சம அளவு காரணம் இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. மில்லைப் பூட்டி, வாசல் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு, சாலையைச் சுற்றிப் போய்த் தொழிற்சாலையின் கேட்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். குரு குடையோடு வந்தான். கொஞ்ச நேரத்தில் ரோகானா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாலைக்குள் தாமானின் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். பக்கத்துக் கார்ப் பட்டறைச் சீனர் கூடாரம் கட்டிக் கொடுத்தார். மில் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்தார்கள். மூட்டை ஏற்றிய லோரிகள் வந்து ஹார்ன் அடித்தன, யாரும் எழுந்திருக்கவில்லை. போலீஸ் வந்து பேசியது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் எழுந்திருக்கிறோம் என்று சந்திரகலா சொன்னாள். வந்திருந்த இளம் சார்ஜண்ட் மூக்கைப் பொத்திக்கொண்டே திரும்பிப் போனார்.

லோரிகள் திரும்பத் திரும்ப வந்து திரும்பத் திரும்பப் போயின. சரக்கு உள்ளே போகாமல் தொழிற்சாலை எத்தனை நாளைக்கு ஓடும்? ஒரு நாள் உருக்கு இயந்திரத்தின் சத்தம் நின்றது.

அன்றைக்குப் பேசில் வந்தான். கட்சிச் சட்டை போடவில்லை. வியர்த்துப்போய் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மூடுறாங்க, கலா. நான் கட்சில பேசிட்டேதான் இருந்தேன்" என்றான்.

"திட்டத்த எடுத்துட்டாங்களா?"

பேசில் சாலையைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல. சோதனை இல்லாம லைசன் கொடுக்குறத நிறுத்திட்டாங்களா, இல்லையா?"

"இல்ல" என்றான். "இவங்க எடத்த மட்டும் மாத்துறாங்க. டெங்கில் பக்கம். தோட்டத்த ஒட்டுன நெலம். அங்க ஆளு கம்மின்னு சொல்றாங்க."

"யாருக்கு கம்மி?" என்று கேட்டாள் சந்திரகலா.

சித்தப்பாவுக்கு நடந்ததை நினைத்துத்தான் கட்சியில் இதைத் தூக்கிப் பேசினேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அதை அவள் நம்பினாள். நம்பினாலும் கோபம் தணியவில்லை. இதையெல்லாம் என்னிடம் சொல்லாதே, அன்று என்னை நிறுத்திய அதே மேடையில் ஏறி நின்று சொல் என்றாள். அவன் சொல்வதாகத் தலையாட்டினான். இதை எழுதும்வரை சொல்லவில்லை.

மறுநாள் தாமான் முழுக்கச் சுவரொட்டிகள். மக்கள் குரலுக்குச் செவிசாய்த்த ஆளுங்கட்சிக்கு நன்றி என்று ஒரு வரிசை. மக்களோடு நின்று ஆலையை விரட்டிய யுகேந்திரனுக்கு நன்றி என்று எதிர்வரிசை. யுகேந்திரன் ஒரு நாள்கூட அந்தக் கேட்டுக்கு வந்ததில்லை. சிவநேசனின் லோரிகள்தான் இயந்திரங்களை டெங்கிலுக்கு ஏற்றிக்கொண்டு போயின.

மில்லின் நோட்டீஸை எடுக்க மேலும் அலைய வேண்டியிருந்தது. எடுத்தார்கள். வீரம்மாவும் வீட்டுக்கு வந்தாள். மூச்சு கொஞ்சம் தேறியிருந்தது. வந்த மறுநாளே மில்லுக்கு வந்து வேலைக்கு உட்காரப் பார்த்தாள். ஒரு மிளகாயைக் காம்பு கிள்ளியதும் இருமல் பிடித்தது. அந்த இருமல் நிற்கவே இல்லை. சந்திரகலா அவளை வெளியே அழைத்துப் போய்க் காற்றோட்டமாக உட்கார வைத்தாள். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: இனித் தூள் இருக்கும் இடம் ஆகாது.

"இந்த நெடியிலதான இத்தன வருஷம் சோறு தின்னேன்" என்றாள் வீரம்மா. "இப்ப இதுவே ஆக மாட்டேங்குது, பாரு."

சந்திரகலா வாசலில் ஆர்டர் எடுக்கவும் போன் பேசவும் தூள் படாத ஒரு மேசையைப் போட்டுக் கொடுத்தாள். வீரம்மா ஒப்புக்கொண்டாள். நல்ல வேலைக்காரியின் கைகள் மேசையின் மேல் சும்மா கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சந்திரகலாவுக்கு மறுபடியும் அந்த மண்டபத்துச் சிரிப்பு காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருவை வேன் எடுக்கச் சொன்னாள். ரோகானாவும் ஏறிக்கொண்டாள். டெங்கிலில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாலையில் விசாரித்துப் போனார்கள். இயந்திரங்கள் இறங்கிக்கொண்டிருந்த கொட்டகைக்கு எதிரே ஒரு வரிசை வீடுகள், ஒரு சின்னக் கோயில், ஒரு சாப்பாட்டுக் கடை. ஆள் கம்மி என்று சொன்ன இடத்தில் கொடியெல்லாம் பிள்ளைகள் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

கடை நடத்துகிறவள் பெயர் மலர்விழி. தேநீர் கேட்டு உட்கார்ந்தார்கள். எதிரே என்ன வருகிறது தெரியுமா என்று சந்திரகலா ஆரம்பித்தாள். ஏதோ பசுமைத் தொழிற்சாலையாம், இங்கிருக்கிற பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமாம், போன வாரம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள் என்றாள் மலர்விழி. பிறகு வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எந்தக் கட்சிக்கா?" என்று கேட்டாள்.

"கட்சி இல்ல, தங்கச்சி. கிள்ளான்ல மிளகாய் மில் வச்சிருக்கேன்" என்றாள் சந்திரகலா. "கடையக் கொஞ்ச நேரம் யார்கிட்டயாச்சும் விட்டுட்டு வா. பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிடு. சொல்றேன்."

மலர்விழி அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.